கால் வலித்தாலும் கான்வர்ஸ்

1921-ல் சிகாகோவில் இருந்த கான்வர்ஸ் ரப்பர் ஷூ கம்பெனியின் விற்பனை அலுவலகத்துக்குள் ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரர் நுழைந்து, ஆடி முடித்தால் கால் வலிக்கிறது என்று முறையிட்டாராம். கம்பெனி வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. வந்தவர் இண்டியானா மாநிலத்துக்காரர், வயது இருபதுதான். பெயர் சார்லஸ் டெய்லர். சக் டெய்லர் என்றால்தான் உலகத்துக்குத் தெரியும். வேலை கேட்டு வந்தவரோ, குறை சொல்ல வந்தவரோ, அவரைக் கம்பெனி அங்கேயே விற்பனையாளராக எடுத்துக்கொண்டது. கணுக்காலை மூடும் கான்வர்ஸ் கான்வாஸ் ஷூவின் வட்ட முத்திரையில் இன்றும் அவர் கையெழுத்துதான் ஓடுகிறது.

கால் வலியோடு வந்தவர் பெயரைத் தாங்கிய ஷூவை, கால் வலிக்கும் என்று தெரிந்தே இன்றைக்கு வாங்குகிறார்கள். ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் பேட்டர்ன் வெட்டியே காலம் கழித்தவன் நான். காலுக்கும் ஷூவுக்கும் நடக்கிற வழக்கைத் தீர்த்துவைப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. இந்த ஒரு வழக்கில் மட்டும் கால் தோற்றுக்கொண்டே வருகிறது. அது எப்படி என்று ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து யோசிக்க முடிந்தது.

யோசிக்க வாய்த்த இடமும் பொருத்தமானது. என் மகள் குடும்பம் இருப்பது மால்டனில். பாஸ்டனிலிருந்து ஆரஞ்சு லைன் ரயிலில் வடக்கே போனால் சீக்கிரமே வந்துவிடும் சிறு நகரம். மார்க்விஸ் மில்ஸ் கான்வர்ஸ் 1908-ல் தன் ரப்பர் ஷூ கம்பெனியைத் தொடங்கியது இந்த ஊரில்தான். ஊர் நூலகத்தின் பெயரும் கான்வர்ஸ் நினைவு நூலகம். பேத்தியோடு முதலில் அங்கே போனபோது, மார்க்விஸ் ஷூ விற்ற பணத்தில் எழுந்த கட்டடம் என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் அதைக் கட்டிக் கொடுத்தவர் வேறொரு கான்வர்ஸ். எலிஷா கான்வர்ஸ் என்று பெயர். மார்க்விஸுக்கு முந்தைய தலைமுறை, பாஸ்டன் ரப்பர் ஷூ கம்பெனியின் அதிபர், ஊரின் முதல் மேயர். அவர் மகன் ஃபிராங்க் 1863-ல் இதே ஊர் வங்கியில் கொள்ளைக்காரன் கையால் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தப் பிள்ளையின் நினைவாக எழுப்பிய கட்டடம் அது. ஆக, மார்க்விஸ் கடை போடுவதற்கு வெகு காலம் முன்பே மால்டனில் ரப்பர் வாசம் இருந்திருக்கிறது. கை பழகிய ஆட்களும் இருந்திருப்பார்கள். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தோல் வந்த கதையை அறிந்தவர்களுக்கு இது புரியும். தொழில் ஒரு ஊரில் ஊறிவிட்டால், அதற்கு அடுத்த தொழில் அதே ஊரில்தான் முளைக்கும்.

மார்க்விஸ் முதலில் செய்தது மழைக்கும் பனிக்கும் போடுகிற ரப்பர் மேலுறைகள். 1910 வாக்கில் நாளுக்கு 4,000 ஜோடி போட்டார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பனி முடிந்தால் வியாபாரமும் முடிந்தது. கோடைக்கு ஆட்களை அனுப்பிவிட்டு, குளிருக்குத் திரும்பத் தேட வேண்டும். ஆர்டர் இல்லாத மாதங்களில் ஒரு தொழிற்சாலை படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கை வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் திரும்பி வராது. ஆண்டு முழுக்க ஓடுகிற சரக்கு வேண்டும் என்றுதான் அவர்கள் கான்வாஸ் ஷூவுக்குப் போனார்கள். அப்போது அமெரிக்கப் பள்ளிகளில் கூடைப்பந்து பரவிக்கொண்டிருந்தது. அதே மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1891-ல் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்கு உள்ளே ஆடுவதற்காக உண்டாக்கிய ஆட்டம் அது. மரத்தளத்தில் ஓடி, சட்டென்று நின்று, திரும்ப வேண்டும். வழுக்காத அடி வேண்டும், கணுக்காலைப் பிடிக்க வேண்டும். 1917-ல் ஆல் ஸ்டார் என்ற அந்த கான்வாஸ் ஷூ வந்தது.

அது வந்த காலத்தில் வைத்துப் பார்த்தால் அது வசதிக்காகவே பிறந்த ஷூ. தோல் பூட்ஸோடு மரத்தளத்தில் ஆடிப் பார்த்தவனுக்கு, கான்வாஸின் மென்மையும் ரப்பரின் பிடிப்பும் வரம்போல் இருந்திருக்கும். இன்று அதை அழகுக்காக மட்டும் போடுகிறார்கள் என்று பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். அதில் இருக்கிற ஒவ்வொரு உறுப்பும் ஏதோ ஒரு வேலைக்காக வைத்தது. உள்பக்கக் கணுக்காலில் இருக்கும் வட்ட முத்திரைகூட எலும்பில் அடிபடாமல் காக்கத்தான் முதலில் தைக்கப்பட்டது என்பார்கள்.

அந்த ரப்பர் எங்கிருந்து போனது? 1876-ல் பிரேசிலிலிருந்து விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன விதைகள் லண்டன் வழியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து மரமாயின. ஆல் ஸ்டார் பிறந்த காலத்தில் காட்டு ரப்பரைத் தோட்ட ரப்பர் முந்திவிட்டிருந்தது. அதை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. மலாயாவின் வெள்ளைக்காரத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் தென்னாற்காடு, வடாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணிகளோடு கப்பலேறிய தமிழர்கள். எந்த மரத்தின் பால் எந்தச் சோலில் முடிந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மால்டனில் வெந்த ரப்பருக்கும் நம் சனங்களின் கைக்கும் உறவு உண்டு என்று நினைக்கும்போது, அந்த நூலகப் படியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஊர் தூரமாகத் தெரியவில்லை.

மார்க்விஸின் கதை நல்லபடியாக முடியவில்லை. கார் டயர் செய்யப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். 1929-க்குள் கம்பெனி அவர் கையை விட்டுப் போயிற்று. ஷூ பிழைத்தது. அதைப் பிழைக்க வைத்தவர் சக் டெய்லர்.

அவருக்கு நிலையான வீடு வாசல் இல்லை. காரின் பின்பெட்டி நிறைய ஷூவை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார், விடுதியில் தங்குவார். போகிற ஊரில் பள்ளி, கல்லூரி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துவார், பந்தை எப்படிக் கடத்துவது என்று செய்து காட்டுவார். முகாம் முடிந்ததும் அந்த ஊர்க் கடைக்காரரிடம் ஆர்டர் எடுப்பார். அந்த ஊர்ப் பயிற்சியாளர்கள் அவரை விற்பனையாளராகப் பார்க்கவே இல்லை, ஆட்டம் தெரிந்த நண்பராகத்தான் பார்த்தார்கள். 1922-லிருந்து கம்பெனி வெளியிட்ட கூடைப்பந்து ஆண்டு மலருக்கும் அவர் துணை நின்றார். 1930-களின் தொடக்கத்தில் முத்திரையில் அவர் கையெழுத்தைச் சேர்த்தார்கள். அந்தப் பெயருக்காக ஜோடிக்கு இவ்வளவு என்று அவர் பங்கு வாங்கவில்லை. சம்பளமும் பயணச் செலவும்தான். இன்றைக்கு ஒரு விளையாட்டு வீரர் தன் பெயரை ஷூவில் போட ஒப்புக்கொள்வதற்கு வாங்கும் தொகையைக் கேட்டவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதல்முறையாகப் பதக்க ஆட்டமானது. நைஸ்மித்தே முதிய வயதில் வந்து பார்த்தார். இறுதி ஆட்டம் திறந்தவெளியில், டென்னிஸ் ஆடும் மண் தரையில், கொட்டும் மழையில் நடந்தது. பந்து தரையில் பட்டால் எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. ஒரு பாதி நேர ஆட்டத்துக்குக்கூடப் பற்றாத எண்கள். அமெரிக்கர்கள் போட்டிருந்தது வெள்ளை கான்வாஸில் சிவப்பு, நீலக் கோடு போட்ட கான்வர்ஸ். மரத்தளத்துக்காகச் செய்த ஷூ சேற்றில் தங்கம் வென்றது.

அடுத்து உலகப் போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலாயா ரப்பர் அமெரிக்காவுக்கு நின்றுபோனது. கார் டயருக்கு அதற்கு முன்பே ரேஷன் வந்திருந்தது. பால் வெட்டிய நம் தமிழர்களில் பல்லாயிரம் பேர் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அதே நேரத்தில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் ஆல் ஸ்டார் போட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரே பொருளின் இரண்டு முனைகள். பால் வெட்டியவர்கள் பக்கத்து முனையைப் பற்றி ஷூ வரலாறு எழுதுகிறவர்கள் எழுதுவதில்லை. அதனால்தான் நான் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

போருக்குப் பிறகு இருபதாண்டு கான்வர்ஸின் பொற்காலம். 1949-ல் கறுப்பு கான்வாஸ், வெள்ளை முகப்பு என்று நாம் இன்று பார்க்கும் உருவம் வந்தது. 1957-ல் கணுக்காலுக்குக் கீழே நிற்கும் குட்டை வடிவம் வந்தது. 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தபோது அவர் காலில் இருந்ததும் இதே கான்வாஸ்தான். சக் டெய்லர் 1969-ல் காலமானார். சரியாக அந்த ஆண்டில்தான் அடிடாஸ் தோலில் செய்த சூப்பர்ஸ்டார் சந்தைக்கு வந்தது. தோல் காலை இறுகப் பிடித்தது, அடி கனமாகத் தாங்கியது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். 1979-80 ஆட்டப் பருவத்தோடு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்திலிருந்து கான்வாஸ் ஆல் ஸ்டார் ஏறக்குறைய விடைபெற்றது. நியாயமான தோல்வி. ஷூ செய்கிறவனாக நான் அதை மறுக்க மாட்டேன்.

மறுக்க முடியாது என்பதை ஒரு ஜோடியை நானே பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பேத்திக்குப் பதினான்கு வயது. அவள் போட்டுத் தேய்ந்த ஒரு ஜோடியைக் குப்பையில் போடப் போனாள்.

"அதை இங்க குடும்மா, தாத்தா அறுத்துப் பார்க்கணும்" என்றேன்.

"ஐயோ தாத்தா, அது செத்துப்போச்சு."

"செத்ததைத்தானே அறுத்துப் பார்ப்பாங்க."

பழைய செய்தித்தாளை விரித்து, ரம்பப்பல் கத்தியால் நுனியிலிருந்து குதிகால் வரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். அப்பர், அதாவது மேற்பகுதி, இரண்டு அடுக்கு கான்வாஸ், அவ்வளவுதான். உள்ளங்காலின் வளைவைத் தாங்க ஷாங்க் கிடையாது. குழி விழும் இடத்தில் எந்த மேடும் இல்லை, தரைபோலத் தட்டை. இன்சோலுக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்சு, அது குதிகாலுக்கு நேரே அப்பளமாய் நசுங்கிக் கிடந்தது. கீழே கடினமான ரப்பர். சுற்றிலும் ஓடும் வெள்ளை ரப்பர் பட்டை வேகாத ரப்பராக ஒட்டப்பட்டு, அப்பரோடு சேர்த்து முழு ஷூவையும் ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் நூறு டிகிரிக்கு மேல் வேகவைத்து இறுக்குகிறார்கள். 1840-களில் சார்லஸ் குட்இயர் காப்புரிமை வாங்கிய, ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைக்கும் முறையின் வாரிசு. அந்தப் பட்டை இறுகும்போதுதான் கான்வாஸும் சோலும் ஒரே பொருளாகின்றன. அதனால்தான் புதிதில் வளைய மறுக்கிறது, சுண்டுவிரலைக் கடிக்கிறது. உள்பக்கத்தில் இரண்டு உலோகக் காற்றுத்துளை. விரலை விட்டுப் பார்த்தால் காற்றைவிட மழைத்தண்ணீர்தான் அதிகம் வந்திருக்கும் போலிருந்தது, ஓரமெல்லாம் துரு.

அடிப்புறத்தைத் திருப்பினால் இன்னொரு சங்கதி. புது ஜோடிகளின் ரப்பர் அடியில் கம்பளிபோல மெல்லிய துணி ஒட்டியிருக்கும். நடந்தால் சில நாளில் போய்விடும். பேத்தி அது வழுக்காமல் இருக்க வைத்தது என்று நினைத்திருந்தாள். உண்மையில் அது சுங்க வரிக்காக வைத்தது. தரையில் படும் பரப்பில் பாதிக்கு மேல் துணி இருந்தால், அமெரிக்கச் சுங்க அட்டவணையில் அது ரப்பர் அடி ஷூவாக அல்லாமல் வீட்டுக்குள் போடும் செருப்புபோன்ற வகையில் விழும், வரி வெகுவாகக் குறையும். கம்பெனி இதற்குக் காப்புரிமையே வாங்கியது. 2001-ல் கான்வர்ஸ் திவாலாகி, வட கரோலினாவின் லம்பர்ட்டனில் இருந்த கடைசி அமெரிக்கத் தொழிற்சாலையும் மூடிய பிறகு, ஷூ முழுக்க ஆசியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்க வேண்டியதாயிற்று. அந்தத் துணி அங்கே ஒட்டிக்கொண்ட காரணம் அதுதான். 2003-ல் நைக்கி 30 கோடி டாலருக்குச் சற்றே மேல் கொடுத்துக் கம்பெனியை வாங்கியது.

ஆட்டக்களத்தில் தோற்றது 1970-களில். கம்பெனி விழுந்தது 2001-ல். இடையில் இந்த ஷூவைத் தாங்கியவர்கள் யார்? ஆடாதவர்கள். விளையாட்டுச் சாமான் கடைகளில் அது மலிவாகக் கிடைத்தது. நியூயார்க்கில் பங்க் இசைக்குழுவினர் போட்டார்கள். 1976-ல் ராக்கி படத்தில் கையில் காசில்லாத குத்துச்சண்டைக்காரன் இதைப் போட்டுக்கொண்டுதான் பிலடெல்பியா தெருக்களில் ஓடினான். லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்சிகோ வழி இளைஞர்களும் கறுப்பின இளைஞர்களும் நன்றாக இஸ்திரி போட்ட கால்சட்டைக்குக் கீழே வெள்ளை லேஸ் மின்ன அணிந்தார்கள். 1990-களில் ராக் பாடகர் கர்ட் கோபேய்ன் கிழிந்த ஜீன்ஸோடு. 2006-ல் சோஃபியா கொப்போலா தன் மேரி ஆந்த்வானெத் படத்தில் பட்டுச் செருப்புகளுக்கு நடுவே கணுக்காலை மூடும் வெளிர் ஊதா கான்வர்ஸ் ஒன்றை ஒரு கணம் காட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டு அரசியின் அலங்கார அறையில் அது கிடப்பது பொருந்தாத ஒன்றாகவே இல்லை. இளம்பெண் ஒருத்தியின் அறை அது என்று அந்த ஒரு ஷூ சொல்லிவிடுகிறது.

பங்க் பாடகர், லாஸ் ஏஞ்சல்ஸ் இளைஞர், பள்ளிக்கூடப் பெண். இவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள். ஆனாலும் எல்லாருக்கும் பொருந்தும் அளவுக்கு இந்த ஷூவில் யாருடைய அடையாளமும் முன்கூட்டி ஒட்டியிருக்கவில்லை. என் தொழிலில் ஒரு டிசைன் இரண்டு சீசன் தாங்கினால் அதைப் பெருமையாகச் சொல்வோம். இங்கே ஒன்று 1949-லிருந்து முகம் மாறாமல் இருக்கிறது. விளையாட்டு அதைக் கைவிட்டதால்தான் அது தப்பியது என்பது என் முடிவு. வேலை செய்கிற ஷூவாக இருந்திருந்தால் ஆண்டுக்கொரு முறை அதற்குக் குஷன் ஏற்றியிருப்பார்கள், வளைவு வைத்திருப்பார்கள், அது ஐந்தே ஆண்டில் வேறொன்றாகியிருக்கும். வேலை இல்லாததால் யாரும் கை வைக்கவில்லை. கை வைக்காததால் தாத்தா போட்டதையே பேத்தியும் போட முடிகிறது.

இதற்குச் சாட்சி கம்பெனியே கொடுத்தது. 2015 ஜூலையில் சக் II என்று ஒன்றை இறக்கினார்கள். நைக்கியின் லூனார்லான் நுரை இன்சோல், உள்ளே பஞ்சு வைத்த நாக்கு, வளைவுக்குத் தாங்கல் எல்லாம் உண்டு. அப்போது பழையது 55 டாலர், இது 75. நான் ஒரு ஜோடியைக் கடையில் போட்டு நடந்து பார்த்தேன். காலுக்கு எல்லா வகையிலும் உயர்ந்தது. ஆனால் வெள்ளை ரப்பர் பட்டையில் ஓடும் மெல்லிய கோடுகளை எடுத்துவிட்டிருந்தார்கள், முத்திரையைத் தையல் வேலையாக மாற்றியிருந்தார்கள், காற்றுத்துளையின் பளபளப்பு போயிருந்தது. ஒரு வரி கோடுதானே என்று ஒரு வடிவமைப்பாளர் நினைத்திருக்கலாம். சனங்கள் அப்படி நினைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே சக் II கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. கடிக்கிற பழையது அப்படியே விற்கிறது. சக் II-க்கு மாறாக, 1970-களின் பழைய வார்ப்பைத் திரும்ப எடுத்து, கனமான கான்வாஸ், உயரமான பட்டை, கொஞ்சம் தடித்த மெத்தை வைத்து 2013-ல் கொண்டுவந்த சக் 70 நன்றாகப் பிடித்துக்கொண்டது. வசதியைச் சேர்த்தார்கள், ஆனால் முகத்தைத் தொடவில்லை.

என் மகள் இதில் பேத்தியோடு ஒத்துப்போக மாட்டாள்.

"ஏம்பா, நீங்களே ஷூ கம்பெனியில இருந்தவரு. முழுநாளும் அதப் போட்டு நின்னா குதிகால் என்னாகும்னு சொல்லுங்களேன்" என்றாள்.

சொன்னேன். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கும், தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கும், ஓடுகிறவர்களுக்கும் இது ஆகாது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. எடை தூக்குகிறவர்கள் மட்டும் இந்தத் தட்டை அடியை விரும்பித் தேடுகிறார்கள். கால் தரையில் ஆடாமல் ஊன்றி நிற்கும். ஆனால் பேத்தி ஓடுவதற்கும் தூக்குவதற்கும் அதை வாங்கவில்லை. நல்ல நாளுக்கு அரைநாள் பட்டுப்பாவாடையின் சரிகை உறுத்தினாலும் பொறுத்துக்கொண்ட பெண்தான் அவள் அம்மாவும். அழகுக்கு ஒரு விலை கொடுப்பதில் இளவட்டங்கள் நம்மைவிட அறிவு குறைந்தவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 2021-ல் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்கவிருந்த கமலா ஹாரிஸை வோக் இதழின் அட்டையில் இந்த ஷூவோடு படம் எடுத்துப் போட்டபோது, அது ஆளுமைக்குத் தகுந்ததா என்று பெரிய விவாதமே நடந்தது. ஷூவைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களென்றால் அது காலில் மட்டும் இருக்கும் பொருளல்ல.

அவள் புது ஜோடி கேட்டபோது நானே கூடப் போனேன். இந்த ஷூ வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாகவே வரும், எனவே அரை அளவு குறைத்து வாங்கச் சொல்வார்கள். நம் ஆட்களின் கால் முன்பக்கம் அகலம், குறைத்தால் சுண்டுவிரல் மாட்டிக்கொள்ளும். அகலக் கட்டை என்று தனியாக ஒரு வகை உண்டு, கேட்டு வாங்கினோம். வீட்டுக்கு வந்து உள்ளே குதிகாலுக்கு மட்டும் ஒரு மெல்லிய இன்சோல் வெட்டி வைத்தேன். எட்டு ஜோடித் துளையில் மேலே உள்ள கடைசித் துளையை விட்டுவிட்டு லேஸ் கட்டச் சொன்னேன், கணுக்காலில் தேய்க்காது. வாசலில் ஷூ கழற்றும் வீடு எங்களுடையது, அதனால் மேலே தளர்த்தி வைத்தால் சீக்கிரம் கழற்றவும் வரும். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பழக்கச் சொல்லியிருக்கிறேன். கான்வாஸ் நனைந்து உலர்ந்தால் சீக்கிரம் வளையும் என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்துக்கொள்வாள்.